பாதியில் நின்ற பாத்திரங்கள்
('சூப்பர்நேச்சுரல்' தொலைக்காட்சித் தொடரை முன்வைத்து ஓர் ஆய்வு)

முன்னுரை

"அப்புறம் என்ன ஆயிற்று?" என்னும் ஒரே கேள்விதான் பாட்டி சொல்லும் கதையையும் பெருங்காப்பியத்தையும் நடத்திச் செல்கின்றது. அக்கேள்விக்கு விடை கூறாமலே கதை மேலே நடந்துவிடுமானால் கேட்டவர் நெஞ்சில் ஒரு குறை தங்கிவிடும். கதை முடிந்து பல்லாண்டுகள் ஆன பின்னரும் அக்குறை வாதமாக வெடிப்பதுண்டு. அத்தகைய வாதமொன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் எடுத்துக்கொண்டது அமெரிக்க நாட்டின் 'சூப்பர்நேச்சுரல்' என்னும் தொலைக்காட்சித் தொடர். பேய்க் கதைக்கும் இலக்கியத் திறனாய்வுக்கும் என்ன உறவு என்று சிலர் வினவலாம். எழுத்தாளன் படைத்த பாத்திரத்திற்கு அவன் எவ்வளவு கடமைப்பட்டவன் என்பது திறனாய்வின் பழைய வினா. இத்தொடரின் ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டதும் அதே வினாவைப் பற்றித்தான். ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவன் என்ற முறையில் அவர்களது வாதத்தை நான் விளையாட்டாகக் கருதவில்லை.

தொடரின் அமைப்பு

'சூப்பர்நேச்சுரல்' 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் தொடங்கி, 2020ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் நிறைவு பெற்றது. 15 பருவங்கள், 327 பகுதிகள். இதனைப் படைத்தவர் எரிக் கிரிப்கி. முதல் 5 பருவங்களை அவரே நடத்திச் சென்றார். பின்னர்ப் பொறுப்பு சேரா கேம்பிளுக்கும், அவருக்குப்பின் ஜெரமி கார்வருக்கும், இறுதியில் ஆண்ட்ரூ டாப், ராபர்ட் சிங்கர் ஆகிய இருவருக்கும் சென்றது. ஒரே கதை பல கைகள் மாறியது என்பதை இங்கே மனத்திற் கொள்ள வேண்டும்.

கதையின் கரு எளியது. டீன், சாம் என்னும் வின்செஸ்டர் சகோதரர் இருவர் பழைய கார் ஒன்றில் ஊர் ஊராகச் சென்று, பேய்களையும் பிசாசுகளையும் வேட்டையாடுகின்றனர். தாய் ஒரு தீய ஆவியால் மாண்டவள். தந்தை ஜான், பிள்ளைகளை வேட்டைக்காரராகவே வளர்த்தவர். இந்த எளிய கருவுக்குள் ஓர் அறம் இயங்குகின்றது: குடும்பத்தில் ஒருவனைக் காக்க மற்றவன் எதையும் இழப்பான். மூத்த மகன் டீனைக் காக்கத் தந்தை தம் உயிரையும் ஆன்மாவையும் ஈடாகத் தந்தார். தம்பி சாம் இறந்தபோது, ஓராண்டு ஆயுளை மட்டும் வைத்துக்கொண்டு தன் ஆன்மாவை அடகு வைத்து அவனை மீட்டான் டீன். ஒவ்வொரு பருவமும் இவ்வறத்தையே வெவ்வேறு வகையில் சோதித்தது. தொடரை 15 ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது பேய்களின் மீதுள்ள அச்சத்தைவிட இவ்வறத்தின் மீதுள்ள பற்றே என்று கருதுகின்றேன்.

மூன்றாம் தம்பி

2009ஆம் ஆண்டு ஏப்ரலில், 4ஆம் பருவத்தில், இக்குடும்பத்தில் மூன்றாவது மகன் ஒருவன் உண்டு என்ற செய்தி வெளிப்பட்டது. மினசோட்டா மாநிலத்தின் விண்டம் என்னும் ஊரில் ஒரு செவிலிப் பெண்ணுக்கும் ஜானுக்கும் பிறந்தவன் ஆடம் மில்லிகன். தந்தை எப்போதாவது வந்து போவார் என்பதற்குமேல் பேய் பிசாசு எதுவும் அறியாமல் வளர்ந்தவன். ஆனால் சகோதரர் இருவரும் அவனைக் கண்டுபிடித்ததாக எண்ணிய வேளையில், அவன் முன்னமே கொல்லப்பட்டிருந்தான். ஜான் என்றோ கொன்ற ஒரு பிணந்தின்னிப் பேயின் பிள்ளைகள், பழிக்குப் பழியாக ஆடமையும் அவன் தாயையும் கொன்று, அவர்களுடைய உருவில் நடமாடிக் கொண்டிருந்தன. தந்தையின் வினை, அவரை முழுதாக அறியாத மகனைச் சென்று சேர்ந்தது.

ஓராண்டு கழித்து, 2010 ஏப்ரலில், தேவதூதர்கள் ஆடமை உயிர்ப்பித்தனர். அது கருணையால் அன்று. அதிதூதர் மிக்கேல் லூசிஃபருடன் போரிட மண்ணுக்கு வர வேண்டுமாயின் ஒரு மனித உடலின் மேல் இறங்க வேண்டும். அதற்கு உரியவனாகிய டீன் இணங்கவில்லை. அதே தந்தையின் இரத்தம் என்பதால் ஆடமின் மேல் மிக்கேல் இறங்கினார். அவ்வாண்டு மே 13ஆம் நாள் ஒளிபரப்பான 5ஆம் பருவத்தின் இறுதிப் பகுதியில், சாம் தன்மேல் இறங்கியிருந்த லூசிஃபரை அடக்கி, உலகைக் காக்கப் பாதாளக் கூண்டுக்குள் பாய்ந்தான். பாயும்போது தடுக்க வந்த மிக்கேலையும் பிடித்து இழுத்துக்கொண்டே வீழ்ந்தான். மிக்கேலோடு ஆடமும் உள்ளே சென்றான்.

பிறகு சாமின் உடல் மீண்டது, ஆன்மா மீளவில்லை. 2010 டிசம்பரில் 'மரணம்' என்னும் பாத்திரம் டீனிடம் ஒரு தேர்வை முன்வைத்தது: சாமின் ஆன்மாவா, ஆடமா? ஒருவரைத்தான் மீட்க முடியும். டீன் சாமைத் தேர்ந்தான். அத்துடன் ஆடமின் கதை நின்றது. அவன் மீண்டும் திரையில் தோன்றியது 2019ஆம் ஆண்டு டிசம்பரில். இடையே 9 ஆண்டுகள் ஓடிவிட்டன.

ரசிகர்கள் இதற்கு ஒரு கணக்கும் போட்டனர். டீன் நரகத்தில் கிடந்த 4 மாதங்கள் அவனுக்கு 40 ஆண்டுகளாக இருந்தன என்று 4ஆம் பருவமே கூறுகின்றது. அதே அளவைக் கூண்டுக்கும் பொருத்தினால், பூமியின் ஓராண்டு அங்கே 120 ஆண்டு. 9 ஆண்டுகளோ ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டும். எண்ணிப் பார்த்தால் நெஞ்சு நடுங்கும் கணக்கு இது.

இரு தரப்பு வாதங்கள்

ஆடமைப் பற்றிய வாதத்தில் தொடரின் சார்பாகப் பேசுவோர் கூறும் காரணங்களை முதலில் காண்போம். ஒன்று, கூண்டைத் திறந்தால் ஆடமோடு மிக்கேலும் வெளியே வருவார்; உலக அழிவுப் போர் மீண்டும் மூளும்; ஒருவனுக்காக உலகைப் பணயம் வைக்கலாமா? இரண்டு, சகோதரர் இருவரும் ஆடமோடு கழித்த நாட்கள் மிகச் சில. அவர்கள் முதலில் பழகியது ஆடமோடுகூட அன்று, அவன் உருவில் வந்த பேயோடு. மூன்று, குடும்பம் என்பது இரத்தத்தோடு நின்றுவிடுவதன்று என்பதே தொடரின் கொள்கை. பழக்கத்தாலும் தியாகத்தாலும் ஒருவன் குடும்பத்தவன் ஆவான் எனில், இரத்தம் ஒன்றை மட்டும் காட்டி உரிமை கோர முடியாதன்றோ?

இம்மூன்றாம் வாதம் கூர்மையானது. எனினும் மறுதரப்பினர் அதனையே திருப்பி அடிக்கின்றனர். இரத்தம் வேண்டாத இடத்தில் அன்னியனையும் அணைத்துக்கொள்ளும் குடும்பம், இரத்தமும் உள்ள ஒருவனை ஏன் கைவிட்டது? அக்கொள்கை வாயிலை அகலப்படுத்த வந்ததா, அடைக்க வந்ததா? மேலும், ஆடம் தானாகவா கூண்டில் விழுந்தான்? அவனை இழுத்துக்கொண்டு விழுந்தவன் சாம். அவனை விட்டுவிட்டு வந்தவன் டீன். உலகைப் பணயம் வைக்கக் கூடாது என்னும் முதல் வாதமும் நிலைக்கவில்லை. ஏனெனில் தம்பிக்காக உலகைப் பணயம் வைப்பதே டீனின் வழக்கம். அண்ணனுக்காக அதையே செய்வது சாமின் வழக்கம். 11ஆம் பருவத்தில் லூசிஃபரைக் காணச் சாம் நரகத்திற்கே சென்றான். அப்போதும் ஆடமை மீட்கும் முயற்சி எதுவும் நிகழவில்லை.

மீட்க முடியவில்லை என்பதை ரசிகர்கள் பொறுத்துக் கொண்டிருப்பர். மீட்க வேண்டுமே என்று ஒருவனும் வருந்தவில்லை என்பதையே அவர்களால் பொறுக்க இயலவில்லை. இதுவே வாதத்தின் உயிர்நிலை.

கைவிடப்படுவதன் காரணங்கள்

பாத்திரங்கள் பாதியில் நிற்பதற்கு எழுத்தாளனின் மறதி மட்டும் காரணமாகாது. நாவலாசிரியன் தனியே அமர்ந்து எழுதுகின்றான். முடித்த பின்னர் முதல் இயலுக்குத் திரும்பித் திருத்துகின்றான். தொலைக்காட்சித் தொடருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒளிபரப்பிய பகுதியை மாற்ற இயலாது. அடுத்த பருவம் உண்டா இல்லையா என்பதும் ஆண்டுதோறும் நிறுவனத்தின் கையில் உள்ளது. எழுத்தாளர் குழு மாறும். நடிகர் வேறு பணிக்குச் செல்வர். 2007 நவம்பர் முதல் 2008 பிப்ரவரி வரை அமெரிக்க எழுத்தாளர் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தால், 'சூப்பர்நேச்சுரல்' 3ஆம் பருவம் வழக்கமான 22 பகுதிகளை எட்டாமல் 16 பகுதிகளோடு நின்றது. 6 பகுதிகள் குறைந்தால் எத்தனை கிளைக்கதைகள் கருகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இது இத்தொடருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1966 முதல் 1971 வரை நாள்தோறும் ஒளிபரப்பான 'டார்க் ஷேடோஸ்' என்னும் பழைய தொடரையும் இங்கே நினைவு கூரலாம். பெற்றோர் யாரென அறியாத விக்டோரியா விண்டர்ஸ் என்னும் பெண், தன் பிறப்பின் மறையைத் தேடிக் காலின்வுட் மாளிகைக்கு வருவதில்தான் அத்தொடர் தொடங்குகின்றது. 1967இல் பார்னபாஸ் காலின்ஸ் என்னும் இரத்தக் காட்டேரி கதைக்குள் நுழைந்தான். மக்கள் அவனையே விரும்பினர். கதை முழுதும் அவன் பக்கம் சாய்ந்தது. 1968இல் விக்டோரியாவாக நடித்த நடிகை மகப்பேற்றின் பொருட்டு விலகினார். வேறு நடிகையர் இருவர் சிறிது காலம் அவ்வேடத்தில் தோன்றினர். பின்னர் அப்பாத்திரமே மறைந்தது. 1,225 பகுதிகள் ஓடியும் முதற்பகுதியில் எழுந்த வினாவுக்குத் தொடர் விடை கூறவில்லை. மாளிகைத் தலைவியே அவள் தாய் என்று ரசிகர்கள் அன்று முதல் வாதிட்டு வருகின்றனர்.

இக்காரணங்கள் எல்லாம் ஒரு பாத்திரம் எவ்வாறு கைவிடப்பட்டது என்பதை விளக்கும். அதனால் கதைக்குள் குறை இல்லை என்று ஆகிவிடாது. அடுப்பு நனைந்தது உண்மையாயினும், விருந்தாளியின் பசி பசிதானே!

மூவகை மௌனம்

திரையில் தோன்றாத பாத்திரம் ஒவ்வொன்றையும் 'கைவிடப்பட்டது' என்று கூறுவது பொருந்தாது. ரசிகர் வாதங்களில் காணப்படும் குழப்பம் பெரும்பாலும் இங்கேயே பிறக்கின்றது. 'சூப்பர்நேச்சுரல்' தொடரில் மூவகை மௌனத்தை நான் காண்கின்றேன்.

முதலாவது, அடைத்த கதவு. லிசா என்னும் பெண்ணோடும் அவள் மகன் பென்னோடும் டீன் ஓராண்டு இல்லறம் நடத்தினான். 2011 மே மாதத்தில் அவர்கள் பேய்களின் கையில் அகப்பட்டு உயிர் தப்பியபின், தன் நினைவே அவர்களுக்கு இல்லாதவாறு அழித்துவிடும்படி காஸ்டியல் என்னும் தேவதூதரை வேண்டிக்கொண்டான். அவர்கள் பெயரை இனி எடுக்கவே கூடாது என்று சாமிடமும் கடுமையாகச் சொன்னான். அதன்பின் அவர்கள் தொடரில் வரவில்லை. இம்மௌனத்திற்குக் கதையே காரணம் தந்துவிட்டது. பேசாமல் இருப்பதுதான் டீனின் துயரம். இதனைக் கைவிடல் என்பது தகாது.

இரண்டாவது, திறந்த வாயில். 2009 அக்டோபரில் ஜெஸ்ஸி டர்னர் என்னும் சிறுவன் ஒரே ஒரு பகுதியில் தோன்றினான். அவன் நம்புவதெல்லாம் நடந்துவிடும். வானுலகத்தையே அழிக்க வல்லவன் அவன் என்று அஞ்சிய காஸ்டியல் கொல்ல முயன்றபோது, அவரைச் சிறு பொம்மையாக மாற்றிவிட்டான். தன்னால் வளர்ப்புப் பெற்றோருக்குத் தீங்கு நேரும் என்று அறிந்ததும், ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு மறைந்து போனான். தன் வழியைத் தானே தேர்ந்து சென்றவனைக் கதை பின்தொடராமல் விட்டது ஒருவகையில் மரியாதை. ஆனாலும், அவ்வளவு ஆற்றல் உடையவனைப் பின்வந்த 11 ஆண்டுப் போர்களில் தேவர்களும் பேய்களும் தேடி அலையவில்லையே என்னும் ரசிகர் வினாவிற்கு விடை இல்லை. ஆகவே ஜெஸ்ஸியின் வழக்கில் பாதி நியாயம் இரு தரப்பிற்கும் உண்டு.

மூன்றாவது, மறந்த கடன். ஆடமின் கதை இவ்வகையைச் சார்ந்தது. அவன் போக விரும்பிப் போகவில்லை. அவனைப் பற்றிப் பேசாமைக்குக் கதை காரணமும் தரவில்லை.

ஆனால் ஆடமின் வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. தம் கதையைக் கிரிப்கி 5 பருவங்களுக்கே திட்டமிட்டிருந்தார். 5ஆம் பருவத்தோடு தொடர் முடிந்திருக்குமாயின், கூண்டில் வீழ்ந்த ஆடம் ஒரு துன்பியல் நாடகத்தின் பலியாக நின்றிருப்பான். பெரும்போரில் குற்றமற்றவரும் மடிவர் என்பதற்கு அவன் சான்றாகி இருப்பான். ஒருவரும் குறை கூறியிரார். கதை மேலும் 10 பருவங்கள் நடந்தது, சாம் மீண்டான், மாண்டவர் பலர் மீண்டனர். ஒவ்வொருவர் மீண்டபோதும் ஆடமின் கூண்டு மேலும் இருண்டது. தொடர் நெடுகத் தன் சொந்த அறத்தை ஓதிக்கொண்டே நடந்ததால்தான் அவனுடைய முடிவு கைவிடலாக மாறிற்று. காற்புள்ளிக்குப் பின் வரும் வாக்கியம் முன் நின்ற எழுவாயை மறந்துவிடக் கூடாது. என் ஆய்வின் முடிபு இதுவே: பாத்திரம் விடப்பட்ட கணத்தில் கைவிடல் நிகழ்வதில்லை, நினைக்கக் கடமைப்பட்டவர் நினையாமல் மேலே செல்லும் ஒவ்வொரு கணத்திலும் நிகழ்கின்றது.

கதை தன்னையே விசாரித்தல்

ரசிகர்களின் குரல் எழுத்தாளர்களின் செவிக்கு எட்டாமல் இல்லை. ரசிகர் மாநாடுகளில் நடிகர்கள் நேரில் வந்து வினாக்களுக்கு விடையளிப்பது இத்தொடரின் வழக்கமாக இருந்தது. 2014 நவம்பர் 11ஆம் நாள் ஒளிபரப்பான 200ஆம் பகுதியில், பள்ளி மாணவியர் சிலர் வின்செஸ்டர் சகோதரர் கதையை இசை நாடகமாக நடிக்கின்றனர். இறுதியில் மேடைக்கு வரும் ஒரு பாத்திரம் யாரென்று டீன் கேட்கின்றான். அது ஜானின் மற்றொரு மகன் ஆடம் என்றும், அவன் இன்னும் நரகத்துக் கூண்டில் கிடக்கின்றான் என்றும் நாடகத்தை நடத்தும் மாணவி சொல்கின்றாள். அண்ணன் மறந்ததை ஒரு பள்ளிப்பெண் நினைவில் வைத்திருக்கின்றாள்! சிரிப்பதற்காக எழுதப்பட்ட இடம் அது. தொடர் தன்மீது தானே கூறிக்கொண்ட குற்றச்சாட்டாகவும் அதனைக் கொள்ளலாம்.

இதனினும் வியப்பானது சக் என்னும் பாத்திரம். 2009இல் சகோதரர்களின் வாழ்க்கையை நாவல்களாக எழுதும் எளிய எழுத்தாளனாக வந்தவன் சக். அவனே கடவுள் என்பது 2016இல் உறுதியாயிற்று. 2019இல் அக்கடவுளே பகைவனாக மாறினான். பிடிக்காத உலகங்களைச் சரியாக வராத எழுத்துப்படிகளைப் போல அழிக்கும் எழுத்தாளன் அவன். பாத்திரங்கள் தம் ஆசிரியனை எதிர்த்து எழுந்ததுதான் 15ஆம் பருவத்தின் கதை. ஆடம் திரும்பி வந்தது அப்பருவத்தில் என்பது கருதத்தக்கது. நடித்தவர் அதே ஜேக் ஏபெல். கூண்டில் துணை யாருமின்றி மிக்கேலும் ஆடமும் ஒருவருக்கொருவர் ஆறுதலாகி, ஓருடலைப் பகிர்ந்து வாழக் கற்றிருந்தனர். சொந்த அண்ணன்மார் தராத தோழமையை, தன் உடலைப் பறித்த தேவதூதரிடம் பெற்றான் ஆடம். டீன் அவனிடம் வருத்தம் தெரிவித்தான். காலம் கடந்த சொல்தான்; எனினும் அச்சொல்லுக்காகவே பலர் 9 ஆண்டுகள் காத்திருந்தனர்.

கடன் தீர்ந்ததா? இல்லை. 2020 நவம்பர் 12ஆம் நாள் ஒளிபரப்பான இறுதிக்கு முந்திய பகுதியில், சக் உலக மாந்தரை எல்லாம் மறையச் செய்தபோது ஆடமும் மறைந்தான் என்பதை மிக்கேல் வாயிலாக ஒரு சொல்லில் அறிகின்றோம். பின்னர் மாந்தர் மீண்டனர். ஆடம் மீண்டானா என்பதைத் தொடர் காட்டவில்லை. கேட்பாரும் இல்லை.

நமக்குப் புதிதா?

இலக்கியம் பயில்வோர்க்கு இவ்வாதம் புதிதன்று. காவியங்களில் புறக்கணிக்கப்பட்ட பெண்களைப் பற்றித் தாகூர் எழுதிய கட்டுரையில், இலக்குவனின் மனைவி ஊர்மிளையை வான்மீகி மறந்ததற்காக வருந்தினார். அகலிகையின் சாபம் தீர்ந்தபின் அவள் வாழ்வு என்னாயிற்று என்று கேட்டு 'சாப விமோசனம்' எழுதினார் புதுமைப்பித்தன். கதை நிறுத்திய இடத்தில் வாசகன் எழுந்து நின்று கேள்வி கேட்பதும், விடை கிடைக்காவிடில் தானே எழுதுகோலை எடுப்பதும் இலக்கியம் வளரும் வழிகளுள் ஒன்று. ஆடமின் கூண்டைத் திறந்து அவனை வீட்டுக்கு அழைத்துவரும் கதைகளை ரசிகர்களே எழுதினர். அவற்றின் இலக்கியத் தரம் எதுவாயினும், அவற்றை எழுதத் தூண்டிய உணர்ச்சி உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

முடிவுரை

கற்பனைப் பையன் ஒருவனுக்காக இத்தனை வாதமா என்று கேட்போர்க்கு ஒன்று கூறுவேன். எங்கள் வகுப்பில் முதலாண்டு சேர்ந்தவருள் சிலர் இரண்டாம் ஆண்டில் இல்லை. வருகைப் பதிவேட்டில் அவர்களுடைய எண்கள் வந்தவுடன் அடுத்த எண்ணுக்குத் தாவிவிடுகின்றோம். முதல் வாரம் யாரேனும் ஒருவர் "அவன் ஏன் வரவில்லை?" என்று கேட்டோம், மறுமாதம் கேட்கவில்லை. குடும்பத்துக்காக வேலைக்குப் போனவன் உண்டு. திருமணமாகிப் போனவள் உண்டு. அவர்களுடைய கதை நின்றுவிடவில்லை. நம் கதைதான் அவர்களை விட்டுவிட்டு நடக்கின்றது.

திரையில் மறக்கப்பட்டவனுக்காக வாதிடுவோர், ஒருவனும் கதையின் உதிரிப் பொருள் அல்லன் என்றே வாதிடுகின்றனர். அவ்வுணர்ச்சியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு நிறுத்திவிடாமல் வகுப்பறைக்கும் வீட்டுக்கும் கொண்டுவருவோமாயின், பேய்க்கதை பார்த்த நேரமும் வீண் போகாது. விடுபட்ட எண்களுள் ஒன்றின் முகவரியேனும் நம்முள் யாரிடமாவது இருக்கும். இந்தக் கோடை விடுமுறையில் ஓர் அஞ்சலட்டை எழுதிக் கேட்கலாமே: "அப்புறம் என்ன ஆயிற்று?"